எழுத்தாளரின் கணவர்

உங்கள் வரிசை எண் ஒன்பதுன்னு போட்டிருக்கு. பத்து நிமிஷமா ஒன்பதுதான். எனக்கு முன்னால எட்டுப் பேரு எந்தெந்த ஊர்லயோ போனுக்கு முன்னால இப்படித்தான் மூஞ்சியைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க போல. சீனி டப்பா மேல போனைச் சாத்தி வச்சிருக்கேன். என் மக இசைவாணிதான் அப்படி வைக்கச் சொன்னா, கையில பிடிச்சா ஆடும்மா, முகம் அந்த முட்டை வட்டத்துக்குள்ளயே இருக்கணும், வெளிய போச்சுன்னா மறுபடியும் கடைசியில இருந்து வரிசையில நிக்கணும்னு. அதனால எந்திரிக்க முடியாது. இடது கால் மரத்துப் போச்சு, அதை நீட்டக்கூட யோசனையா இருக்கு. கூப்பிடுவாங்க. பெங்களூர்ல இருந்து கதை ஆப்புக் கம்பெனிப் பிள்ளை ஒண்ணு பேசும். மங்கையர்க்கரசிங்கிறது நீங்கதானான்னு கேக்கும். இந்தக் கதை எல்லாம் நீங்களே எழுதினதான்னு கேக்கும். இனிமே எங்க மிஷின் உங்க பேர்ல எழுதலாமான்னு கேக்கும். மூணே மூணு ஆமாம்மா, சொல்லிட்டு வச்சிருன்னா வாணி. முதல் ஆமா சரி. நான் மங்கையர்க்கரசிதான், ஆதார் அட்டையை இந்தா பக்கத்துல வச்சிருக்கேன். மூணாவது ஆமாவும் போகட்டும். ரெண்டாவதுதான் பொய். நான் பலசரக்குச் சீட்டு எழுதுவேன், பால்காரனுக்குக் காலண்டர்ல சுழிப்பேன், அதுக்கு மேல ஒரு வரி எழுதினதில்ல. எழுதினது அத்தனையும் என் வீட்டுக்காரர். அருஞ்சுனைன்னு பேரு. பிப்ரவரி மாசம் ஒரு செவ்வாக்கிழமை காலையில இருநூத்திப் பன்னிரண்டாவது அத்தியாயத்தைப் போன்ல ஏத்தி விட்டுட்டு, அரசி, காபி கொண்டான்னாக. நான் கொண்டாரதுக்குள்ள போயிட்டாக. காபியை என்ன செஞ்சேன்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரல. கொட்டினேனா, குடிச்சேனா.

எட்டு ஆயிருச்சு. ஒருத்தர் முடிஞ்சு போயிட்டாரு. தெருவுல காய்க்காரன் ஸ்பீக்கர்ல தக்காளி கிலோன்னு விலையைச் சொல்லிக்கிட்டே போறான், அவன் வாயைத் தொறக்கிறதில்ல, ஒரு தடவை பேசிப் பதிஞ்சு வச்சிட்டான், விலை மாறினாலும் பழைய விலைதான் கத்துது, கிட்டப் போய்க் கேட்டா வேற விலை சொல்றான். பின்னால சந்துல பிரஸ் ஓடுது. சிவகாசியில எந்த வீட்டுல உக்காந்தாலும் ஏதாவது ஒரு மிஷின் சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும், இப்ப டைரி அடிக்கிற நேரம். அவுகளும் பிரஸ்லதான் வேலை பாத்தாக. மாச நாவல் அடிக்கிற பிரஸ். பிழை திருத்துற வேலை. அடுத்தவன் எழுதினதைத் திருத்தித் திருத்தி, இதை விட நான் நல்லா எழுதிருவேனேன்னு ஒருநாள் முதலாளிகிட்டச் சொல்லியிருக்காக. எழுதுய்யான்னு சொன்னாரு. எழுதிக் கொடுத்தாக. படிச்சிட்டு, கதை நல்லாருக்கு, ஆனா அட்டையில அருஞ்சுனைன்னு போட்டா ஏதோ கோயில் தல வரலாறுன்னு நினைச்சு பொம்பளையாளுக திரும்பிப் பாக்காது, உம் பொண்டாட்டி பேரு என்னன்னு கேட்டிருக்காரு. மங்கையர்க்கரசின்னு சொல்லியிருக்காக. அதைப் போடுன்னுட்டாரு. எங்கிட்ட யாரு கேட்டா. சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டே, அரசி, உன் பேரை ஒரு நாவலுக்குக் கொடுத்திருக்கேன்னாக. பக்கத்து வீட்டுக்குக் குடத்தைக் கொடுத்தேன்கிற மாதிரி. நானும் சரின்னேன். அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு, வாணி வயித்துல இருந்தா, வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தேன், பேரு எங்க போனா எனக்கென்னன்னு இருந்துச்சு.

அப்புறம் அது திரும்பி வரவே இல்ல. அறுபத்து நாலு நாவல். ஒரு நாவலுக்குப் பணம் வச்ச ஒரு கவர், அதோட சரி. எத்தனை அடிச்சாங்க, எத்தனை வித்துச்சு, மறுபடியும் அடிச்சாங்களா, அதெல்லாம் கேக்கக்கூடாது. கேட்டா அடுத்த மாசம் வேற ஒருத்தி பேர் வரும், அந்த ஒருத்தியும் ஏதாவது ஒரு பிரஸ்ல வேலை பாக்கிற ஆம்பளையாத்தான் இருப்பான். ஆனா கடிதாசி வரும். அம்மா, அக்கா, அரசி அம்மான்னு வரும். அதுக்கு நான்தான் பதில் எழுதணும், ஆம்பளைக் கையெழுத்து தெரிஞ்சிரக் கூடாதுன்னு. அவுக சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இப்ப யோசிச்சா அது ஒண்ணுதான் நான் எழுதினது. தேனியில இருந்து ஒரு டீச்சரம்மா வாழைத்தாரைத் தூக்கிக்கிட்டு விலாசம் விசாரிச்சு வீட்டுக்கே வந்துட்டா. நான் கதவைத் தொறந்தேன், என் கையைப் பிடிச்சுக்கிட்டா, விடவே இல்ல. உங்க கதையைப் படிச்சிட்டுத்தாம்மா மாமியார் வீட்டை விட்டு வெளிய வந்தேன்னா. எனக்கு வேர்த்துருச்சு. எந்தக் கதைன்னே தெரியாது. அவுக எழுதினதை நான் முழுசாப் படிச்சது பாதிகூட இருக்காது, பெரும்பாலும் நம்ம வீட்டுச் சண்டையாத்தான் இருக்கும், அதை எதுக்கு மறுபடியும் படிக்க. நான் உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன், அவுக அடுப்படியில காபி போடுறாக. எழுத்தாளர் காபி போட, நான் குடிச்சேன். அந்தம்மா அவுகளைப் பாத்து, உங்களுக்குக் கொடுத்து வச்சிருக்கணும் சார்னா. ஆமாங்கன்னு சிரிச்சாக. அந்தச் சிரிப்பைத்தான் இப்ப அஞ்சு மாசமா உருட்டிக்கிட்டிருக்கேன். அது நிஜச் சிரிப்பா இல்ல வேறயா. அப்ப கவனிக்கல. தட்டுல முறுக்கு எடுத்து வைக்கிற யோசனையில இருந்தேன்.

ஏழு. வட்டத்துக்குள்ள மூஞ்சி கொஞ்சம் எறங்கிப் போச்சு, முதுகை நிமித்திக்கிட்டேன். இந்த மாதிரி நிமிந்து உக்காந்தது மதுரையில அந்த மேடையிலதான். பெண்கள் சங்கம் ஒண்ணு விருது கொடுத்துச்சு. நான் வரமாட்டேன்னு சொன்னேன், அவுகதான் போவோம் போவோம்னு கூட்டிட்டுப் போனாக. மூணாவது வரிசையில உக்காந்திருந்தாக. பொன்னாடை போத்தினாங்க, பேசச் சொன்னாங்க, அவுக எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணியிருந்தேன், நடுவுல மறந்து போச்சு, வாயில வந்ததைச் சொன்னேன், கல்யாணம் ஆன பொம்பளைக்கு ராத்திரி பாத்திரம் கழுவுற நேரம்தான் சொந்த நேரம், அப்பத்தான் எனக்குக் கதை தோணும்னேன். அப்படி ஒரு கைதட்டு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பொய் சொல்லல, ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, பஸ்ல வரும்போது ஜன்னல் கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பொன்னாடையை எடுத்து அவுக தோள்ல போட்டேன். சும்மா இரு அரசின்னு எடுத்துக் கதவுல தொங்கப் போட்டாக. தயிர்ச் சோறு சாப்பிட்டாக. மூணு நாள் எழுதல. என்னங்க, உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். ஒண்ணும் ஓடலன்னாக. நாலாவது நாள் எழுத ஆரம்பிச்சாக, அந்தக் கதையில ஒரு பொம்பளை ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே யோசிப்பா. என் வார்த்தையை எடுத்துக்கிட்டாக. எடுத்துக்கட்டும். அவுக எழுத்தை நான் எடுத்துக்கிட்டேன்ல.

அப்புறம் எல்லாம் படுத்துருச்சு. எப்படின்னு சொல்லத் தெரியல, ஒரே நாள்ல படுக்கல. பஸ் ஸ்டாண்டு கடையில நாவல் தொங்கின கயித்துல சிப்ஸ் பாக்கெட்டு தொங்குச்சு. பஸ்ல எல்லாரும் போனைப் பாத்தாங்க. அவுக நாவலை எவனோ ஒவ்வொரு பக்கமா போட்டோ பிடிச்சு பி.டி.எஃப்.ஆ மாத்தி விட்டுட்டான், ஊர் பூராவும் சும்மாவே படிச்சாங்க, எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணே, ஆன்ட்டி உங்க புக்கு எல்லாம் எங்கிட்ட இருக்குன்னு போனைக் காட்டினா, பெருமையாத்தான் சொன்னா, நானும் பெருமையாத்தான் கேட்டேன். முதலாளி பிரஸ்ஸை வேற ஆளுக்கு வித்துட்டாரு. நமக்குள்ள ஒப்பந்தம்னு எழுதிக் கையெழுத்தா போட்டோம், உன் கதையை நீயே வச்சுக்கன்னுட்டுப் போயிட்டாரு. அவுக அறுபத்து நாலு நாவலையும் ஒரு சாக்குப்பையில கட்டித் தூக்கிட்டு வந்தாக. அப்பத்தான் வாணி இந்த ஆப்பைக் காமிச்சா. இதுல எழுதுங்கப்பா, படிக்கிறவங்க ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் காயின் போட்டுத் தொறக்கணும், அதுல உங்களுக்குப் பங்கு, முதலாளியே கிடையாதுன்னா. முதலாளி இல்லைன்னதும் அவுக மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க. அன்னிக்கு ராவோட ராவா ஒரு கதையை எழுதி அருஞ்சுனைன்னு போட்டு ஏத்தினாக. எங்கிட்டச் சொல்லல. ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும். பதினோரு பேர் படிச்சிருந்தாங்க. அதுல ஒண்ணு அவுக, ஒண்ணு வாணி. மத்த ஒன்பது பேரு யாரா இருக்கும்னு கேட்டாக, தெரியலயேன்னேன். அழிச்சிட்டாக. அப்புறம் என் போன் நம்பரைப் போட்டு, என் ஆதாரைப் போட்டு, என் பாங்குக் கணக்கைப் போட்டு மங்கையர்க்கரசின்னு ஆரம்பிச்சாக. சாக்குப்பையில கெடந்த நாவலையும் ஒவ்வொண்ணா அதுல ஏத்தினாக. ஒரே வாரத்துல அரசி அம்மா வந்துட்டாங்கன்னு எங்கெங்கேயோ இருந்து வந்துட்டாங்க. துபாயில இருந்தெல்லாம். அந்தத் தப்பை அப்ப யாரும் தப்புன்னு நினைக்கல. சம்பாத்தியம் என் கணக்குல வந்தா என்ன, அவுக கணக்குல வந்தா என்ன, ஒரே வீடுதானன்னு நினைச்சோம்.

நாலு. நடுவுல மூணு பேரு எப்பப் போனாங்க, நான் கவனிக்கல. கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்தது இப்ப அதுவும் இல்ல. கட்டையாக் கெடக்கு. ஆப்புல எழுதுறது நாவல் எழுதுற மாதிரி இல்ல அரசின்னு அவுக சொல்லுவாக. தினமும் ஒரு அத்தியாயம் போடணும். கடைசி வரியில யாராவது கதவைத் தட்டணும், இல்ல போன் அடிக்கணும், இல்ல மயங்கி விழணும், அப்பத்தான் அடுத்ததைக் காசு போட்டுத் தொறப்பாங்க. ஒருநாள் விட்டா அந்தக் கணக்குப் பாக்கிற மிஷின் நம்மளைக் கீழ தள்ளிரும். எந்த வரியில படிக்கிறதை விட்டுட்டு ஓடுறாங்கன்னு கோடு போட்டுக் காட்டும். மழையைப் பத்தி எழுதினா ஓடுறாங்க, வானத்தைப் பத்தி எழுதினா ஓடுறாங்க, மாமியார் பேச ஆரம்பிச்சா நிக்கிறாங்கன்னு சிரிப்பாக. கொஞ்சம் கொஞ்சமா மழையை எடுத்துட்டாக. அறுபத்தஞ்சு வயசுல டாக்டர்கிட்டப் போனப்பக்கூட வெயிட்டிங்ல உக்காந்து போன்ல தட்டிக்கிட்டே இருந்தாக. நெஞ்சு வலின்னு ஒருநாள் சொன்னாக, இருநூறாவது அத்தியாயம் முடியட்டும்னாக. நான் சண்டை போட்டிருக்கணும். போடல. மாசம் பொறந்தா வாடகை, மாத்திரை, எல்லாம் அதுல இருந்துதான் வந்துச்சு. பிரஸ்ஸுக்காரன் பென்ஷனா கொடுத்தான். நானும் காலையில எந்திரிச்சதும், ஏத்தியாச்சான்னுதான் முதல்ல கேப்பேன். அந்தச் செவ்வாக்கிழமையும் கேட்டேன். ஏத்தியாச்சுன்னாக.

அழுகை வரல. சொந்தக்காரங்க எல்லாம் பேசிக்கிட்டாங்க, கல்லாட்டம் இருக்கான்னு. மயினி ஒருத்தி என் முதுகைத் தட்டி அழு அழுன்னா, எனக்கு முதுகுல அவ மோதிரம் குத்துறதுதான் தெரிஞ்சுச்சு. மறுநாள் பேப்பர்ல ஒரு ஓரத்துல வந்துச்சு. எழுத்தாளர் மங்கையர்க்கரசியின் கணவர் காலமானார். அவ்வளவுதான். பேரு ரெண்டாவது வரியில. அதைப் படிச்சிட்டு ஆப்புக்காரங்க ஒரு அறிவிப்புப் போட்டாங்க, எழுத்தாளரின் குடும்பத்தில் ஏற்பட்ட இழப்பு காரணமாகத் தொடர் சில காலம் வெளிவராதுன்னு. அதுக்குக் கீழ நாலாயிரம் பேருக்கு மேல எழுதியிருக்காங்க. மனசைத் தேத்திக்கோங்க அம்மா. உங்கள் எழுத்துக்குத் துணையாக இருந்தவர் அவர். நீங்கள் மீண்டு வந்து எழுத வேண்டும், உங்கள் கணவர் ஆன்மா அதைத்தான் விரும்பும். அம்மா, கயல்விழி பஸ் ஏறினாளா இல்லையா, அதை மட்டும் சொல்லிட்டு அழுங்க. தொடர்ல வார பொம்பளையைப் பத்தி இப்படி ஒருத்தி. எழுதினவரு செத்துட்டாரு, எழுதினவருக்கே ஆறுதல் சொல்றாங்க. நான் உசுரோட இருக்கிறதால அவுக சாகவே இல்ல. சாகலன்னா எதுக்கு அழணும். எனக்கு அழுகை வராததுக்கு அதுதான் காரணமோ என்னமோ. இது மாதிரி யோசிச்சு யோசிச்சு எங்கயோ போயிட்டு, திரும்பி வந்து பாத்தா சோறு குழைஞ்சு கெடக்கும்.

ஒரு மாசத்துக்கு முன்னால கம்பெனியில இருந்து வாணிகிட்டப் பேசினாங்க. அம்மாவால எழுத முடியலன்னா பரவால்ல, எங்ககிட்ட மிஷின் இருக்கு, அம்மா எழுதின அத்தனையும் அதுக்குக் கொடுத்துட்டா அம்மா மாதிரியே எழுதும், அம்மா பேர்லயே தினமும் வரும், மாசம் மாசம் ஒரு தொகை, அம்மா சும்மா இருந்தாப் போதும்னு. மாதிரிக்கு இருநூத்திப் பதிமூணாவது அத்தியாயத்தை எழுதி அனுப்பிச்சாங்க. படிச்சேன். கயல்விழி பஸ் ஏறல, திரும்பி வீட்டுக்கு வாரா, கொண்டை ஊசியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு முடியை அள்ளி முடியிறா. நான் அப்படித்தான் செய்வேன். நாப்பது வருஷமா கண்ணாடி முன்னால அப்படி நிப்பேன், அவுக கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாப்பாக, கதையில வார எல்லாப் பொம்பளையும் ஊசியைப் பல்லுல கடிப்பா. அவுக பாத்தாக, எழுதினாக. இது எதைப் பாத்துச்சு. என்னை எப்பப் பாத்துச்சு. போனைக் கவுத்து வச்சிட்டேன். பயமா, கோபமா, எதுன்னு சொல்லத் தெரியல. வாணி, எப்படிம்மா இருக்குன்னா. அப்பா எழுதின மாதிரியே இருக்குன்னேன். அப்ப சரிதானன்னா. சரிதான்னேன். மறுநாள் இன்னொரு தடவை எடுத்துப் படிச்சேன், அவுக குரல் கேக்குதான்னு. கேட்டுச்சு. அதுதான் எனக்குப் பிடிக்கல.

வாணியைக் குத்தம் சொல்ல முடியாது. ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு ஓசூர்ல வாடகை வீட்டுல கெடக்கா, எனக்கு அவளால என்ன செய்ய முடியும். கம்பெனியில நைசாக் கேட்டும் பாத்திருக்கா, ஒருவேளை அப்பாவும் சேந்து எழுதியிருந்தா என்னன்னு. ஐயோ மேடம், அப்படின்னா ஒப்பந்தமே கிடையாது, கணக்கு வச்சிருக்கிறவங்களும் எழுதினவங்களும் வேற வேறன்னு தெரிஞ்சா எல்லாத்தையும் முடக்கிருவோம், அறுபத்து நாலு நாவலும் தொடரும் யாரும் தொறந்து படிக்க முடியாது, கோர்ட்டுல தீத்துக்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. அதனாலதான் மூணு ஆமா. நெசத்தைச் சொன்னா அவுக எழுதின அத்தனையும் போகும், எனக்குச் சோத்துக்கும் வழி இருக்காது. பொய்யைச் சொன்னா எழுத்து இருக்கும், தினமும் புதுசா வேற வந்துக்கிட்டே இருக்கும், அவுக மட்டும் இருக்க மாட்டாக. எப்பவுமே இருந்ததில்லன்னு ஆயிரும். அவுக இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாக. ஆமான்னு சொல்லு அரசி, உனக்கு மாத்திரை வாங்கணும்லன்னுதான் சொல்லியிருப்பாக. நிச்சயம் அதான். ஆனா அந்தப் பதினோரு பேர். மத்த ஒன்பது பேரு யாரா இருக்கும்னு கேட்டாகள்ல, அப்படி ஒரு ஆசையாக் கேட்டாக, எனக்கு அது ஆசைன்னே அப்பத் தெரியல.

ஒண்ணுன்னு வந்துச்சு, உடனே திரை மாறிருச்சு. ஒரு பிள்ளை. வாணியை விடச் சின்னது. காதுல கருப்பா என்னத்தையோ மாட்டியிருக்கு. "வணக்கம் மேடம், நான் நந்திதா. இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது, ஓகேங்களா?"

"சரிம்மா."

ஆதாரைக் காட்டச் சொல்லுச்சு, காட்டினேன். கண்ணைச் சிமிட்டச் சொல்லுச்சு, சிமிட்டினேன். இடது பக்கம் வலது பக்கம் திரும்பச் சொல்லுச்சு. பேரு, பிறந்த தேதி. நீங்க மங்கையர்க்கரசிங்களா. ஆமா. "உங்க கணக்குல இருக்கிற அறுபத்து நாலு நாவல், ஒரு தொடர், இதெல்லாம் நீங்களே சொந்தமா எழுதினதுங்களா மேடம்?" "ஆமா." வந்துருச்சு. ஒரு மாசமா இதுக்குத்தான் பயந்தேன், ஒண்ணும் ஆகல, பால் வேணுமான்னு கேட்டதுக்கு ஆமான்னு சொன்னாப்ல இருந்துச்சு. மிஷின் எழுதலாமான்னுச்சு, சம்மதம்னேன். எங்க அம்மா உங்க கதைன்னா உசுரு மேடம்னுச்சு. சந்தோஷம்னேன்.

"கடைசியா ஃபார்ம்ல ரெண்டு டீடெயில் மட்டும் மேடம். கணவர் பேர்?"

"அருஞ்சுனை."

"அவங்க இல்லைன்னு போட்டிருக்கு, ஸாரி மேடம். அவங்க என்ன தொழில் செஞ்சாங்க?"

இதை வாணி சொல்லித் தரல. ரேஷன் கார்டுல அச்சக வேலைன்னு இருக்கு. அதைச் சொன்னாப் போதும், அது பொய்கூட இல்ல. வாயைத் தொறந்தேன்.

"எழுத்தாளர்."

"உங்களோடது போட்டாச்சு மேடம். அவங்களோடது."

"அவுகளோடதைத்தான்மா சொல்றேன்."

"ஓ, ரெண்டு பேருமேவா, சூப்பர் மேடம்." என்னத்தையோ அமுக்குச்சு. "எழுத்தாளர்னு போட்டா கீழ இன்னொரு பெட்டி வருது. அவங்க எழுதின புக்ஸ்ல ரெண்டு மூணு பேர் சொல்லுங்களேன்."

"ஈரத்துணி காயவில்லை"ன்னேன். "அதுதான் முதல் நாவல். ரெண்டாவது, பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்காரி."

அடிச்சிக்கிட்டே வந்துச்சு, நிறுத்திருச்சு. "மேடம், ரெண்டு எழுத்து அடிச்சதுமே அது உங்க பேர்லதான் காட்டுது. அது உங்க புக். நான் கேக்கிறது சார் எழுதினது."

"அதுதான்மா சார் எழுதினது."

பின்னால யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு, அவங்க ஆபீஸா இருக்கும். அந்தப் பிள்ளை முகத்தைக் கிட்டக் கொண்டாந்துச்சு, குரலைத் தணிச்சுக்கிச்சு. "மேடம், இப்படியே போனா எல்லாமே லாக் ஆயிரும் மேடம். நான் இதை கட் பண்ணிட்டு முதல்ல இருந்து கேக்கிறேன், லைன் போயிருச்சுன்னு எழுதிக்கிறேன். வேற ஏதாவது தொழில் சொல்லிருங்க. ப்ளீஸ்."

நல்ல பிள்ளை. அதுக்கு என்ன தலையெழுத்து, யாருக்கோ வேண்டி இப்படிக் கெஞ்சுது. அது சொல்றதும் சரி, வாணி சொன்னதும் சரி, அவுகளே இருந்தாலும் அதைத்தான் சொல்வாக. எனக்கு எல்லாம் தெரியுது. ஆனா அந்தப் பெட்டி தொறந்து கெடக்கு, அதுக்கு மேல அவுக பேரு இருக்கு, எழுத்தாளர்னு இருக்கு. முப்பத்தாறு வருஷத்துல இப்பத்தான் ஒருத்தர், அவுக என்ன எழுதினாகன்னு கேக்கிறாங்க. அதுக்குப் போய், ஒண்ணும் எழுதலன்னு எப்படிச் சொல்ல. கண்ணுல தண்ணி வந்து அந்த வட்டம் கலங்கித் தெரிஞ்சுச்சு, தொடைச்சா முகம் வெளிய போயிரும்னு தொடைக்கல.

"கட் பண்ணாதம்மா"ன்னேன். "மூணாவது சொல்றேன், போட்டுக்கோ. வாடகைக்கு ஒரு கோடை. எழுதினது அருஞ்சுனை. நாலாவது, சின்னவள் கேட்ட பட்டுப்புடவை. அதுவும் அருஞ்சுனைதான்."

அந்தப் பிள்ளை என்னை விட்டுட்டுக் கீழ பாத்துச்சு. டைப் அடிக்கிற சத்தம் கேட்டுச்சு.